சைக்கிளுக்கு வைத்த சந்தனம்

22 செப்டம்பர் 2024, ஞாயிறு

கோமுகி அணை வரை சைக்கிளில் போய் வந்தோம். திரும்பும்போது கச்சிராயபாளையத்தில் டீ, வடை. ரெக்ஸ் வழக்கம்போல என் வடையிலும் பாதியைப் பிய்த்துத் தின்றுவிட்டு, "டீச்சரம்மா வெயிட் போட்டா புள்ளைங்க சிரிக்கும்" என்றான். ஒரு விசில் ஊதினால் மைதானமே அசையாமல் நிற்கும், அப்படிப்பட்ட பி.டி. டீச்சர் நான். இவனுக்கு மட்டும் எந்த விசிலும் காதில் விழாது.

வீட்டுக்கு வந்தால் அப்பா வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். கை எட்டும் தூரத்தில் நான் நிற்கிறேன். அவர் உள்ளே பார்த்து, "ஆண்டாளு, உம் பொண்ணு வந்துட்டா, சோத்தப் போடு" என்றார்.

சித்திரையிலிருந்து இதே கதைதான். ரெக்ஸைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்ன நாளோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினார். திட்டவில்லை, அடிக்கவில்லை. "அவுங்க சர்ச்சுக்குப் போறவங்க, நமக்கு ஒத்து வராது" என்று அம்மாவிடம் சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் அம்மாதான் தபால்காரி.

29 செப்டம்பர், ஞாயிறு

அம்மா சைக்கிளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "ஆம்பளப் புள்ள ஓட்ற வண்டி மாரி தடிதடியா சக்கரம். இத குடுத்தவன்தான் குடுத்தான், ஒரு பொம்பளப் புள்ள வண்டியா பாத்துக் குடுக்கக் கூடாதா?"

ரெக்ஸ் டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் பார்க்கிறவன். உதிரியாக வாங்கி, அவன் கையாலேயே பூட்டிக் கொடுத்த மலைச் சைக்கிள் இது. அப்பா இதுவரை தொட்டதில்லை. கூட்டிப் பெருக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் பெருக்குவார்.

9 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை, விஜயதசமி, ஞாயிறு, மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு. சனிக்கிழமை வெள்ளிமலை போகிறோம். ரெக்ஸின் ஷோரூம் நண்பர்கள் இரண்டு பேரும் வருகிறார்கள். சைக்கிள்களைக் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய், அங்கிருந்து மண்பாதையில் ஓடை வரை இறங்குவது. மழை ஓய்ந்திருக்க வேண்டும், பிள்ளையாரப்பா.

11 அக்டோபர், வெள்ளி. ஆயுத பூஜை

எழுதக் கை ஓடவில்லை. சந்தோஷம்தான் காரணம்.

சாயங்காலம் அம்மாவும் நானும் பொரி, கடலை, சுண்டல் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். வாசலில் அப்பா வேனுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர், ரிட்டயரான பிறகும் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். தீபாவளியெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம், இந்த நாள்தான் பண்டிகை.

திடீரென்று குரல் வந்தது. "மணி, அந்த சைக்கிள வெளிய கொண்டா."

அம்மா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். மணி என்று கூப்பிட்டார். என்னை, நேராக!

கொண்டுபோய் நிறுத்தினேன். "நீ உள்ள போ, நான் பாத்துக்கறேன்" என்றார். திரும்பி வந்து பார்த்தால் சைக்கிள் அடையாளம் தெரியவில்லை. பழைய வேட்டியைக் கிழித்துத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்திருக்கிறார். கம்பிகளில் முகம் தெரிந்தது. ஹேண்டில்பாரில் சாமந்திச் சரம். சக்கரத்தின் நடுவில் இருக்கிற வட்டமான இரும்புத் தட்டு இரண்டிலும் சந்தனமும் குங்குமமும்.

"இது நல்லா தட்டு மாரி கீது, பொட்டு வெக்க தோதா இருந்துச்சி" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அதனால் என்ன.

அந்தத் தட்டில் கைபடக் கூடாது, பிரேக் அங்கேதான் பிடிக்கிறது என்று ரெக்ஸ் பாடம் மாதிரிச் சொல்லியிருக்கிறான். சந்தனம்தானே, காய்ந்தால் உதிர்ந்து போகிறது. அப்பா வைத்த பொட்டை நான் துடைப்பேனா? மாட்டேன்.

வேனுக்கும் சைக்கிளுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அவரே உருட்டி நசுக்கினார். பொரியை அள்ளி என் கையில் போடும்போது சொன்னார்: "அந்தப் பையன அடுத்த ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வரச் சொல்லு. அவுங்கம்மாவையும் இட்டுக்கினு வரட்டும். பேசலாம்."

அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

12 அக்டோபர், சனி. விடியற்காலை

குட்டி யானை வந்துவிட்டது. ரெக்ஸிடம் இன்னும் சொல்லவில்லை. மேலே போனதும் சொல்லப் போகிறேன். முகம் எப்படிப் போகிறதென்று பார்க்க வேண்டும்.

17 அக்டோபர், வியாழன்

ஆஸ்பத்திரி. மல்லாந்து படுத்து எழுதுவதால் எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையுடையது மாதிரி இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பாதைதான் வருகிறது.

வெள்ளிமலையில் சைக்கிள்களை இறக்கினோம். ரெக்ஸ் என் வண்டியைப் பார்த்துவிட்டு, "இன்னாது, கல்யாண மாப்ள மாரி அலங்காரம்?" என்று சிரித்தான். அப்பா செய்தது என்றேன். தட்டில் இருந்த சந்தனத்தைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலையும் துணியையும் எடுத்துக்கொண்டு குனிந்தான். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொன்னேன்.

குனிந்தவன் நிமிரவே இல்லை. கொஞ்ச நேரம் அந்தச் சந்தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு துணியை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். "இருக்கட்டும். மாமனாரு வெச்ச பொட்டு. நான் போயி அழிக்கறதா?" கண் கலங்கியிருந்தது. நான் கேலி செய்தேன். பாவி, நான் கேலி செய்தேன்.

சாமை வயல்களுக்கு நடுவில் கொஞ்ச தூரம் போனோம். பிரேக் கீச் கீச்சென்று கத்தியது. "தண்ணி பட்டிருக்கும். ரெண்டு தபா புடிச்சி வுடு, சரியாயிடும்" என்றான். செய்தேன். சரியான மாதிரிதான் இருந்தது. பிறகு இறக்கம். முதல் வளைவில் பிடித்தேன், லிவரை எவ்வளவு இறுக்கியும் வேகம் மட்டும் குறையவில்லை. இரண்டாவது வளைவில் காலை ஊன்றப் பார்த்தேன். பாறைக்கும் சைக்கிளுக்கும் நடுவில் இடது கால். சத்தம் முதலில் கேட்டது, வலி பிறகு வந்தது.

வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடி வந்தார். பேர் பூமாலை என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "காலப் பாக்காத கண்ணு, என் மூஞ்சியப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத்தான் ரோடு வரை தூக்கி வந்தார்கள். ரெக்ஸ் கட்டிலோடு சேர்ந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தான். வழி முழுக்க என்னென்னவோ ஜெபம் சொன்னான்.

முட்டிக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருந்தது, முட்டியின் உள்ளே ஜவ்வும் போய்விட்டது. பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். டாக்டர் நல்ல மாதிரி. "நல்லா நடப்பீங்கம்மா. ஓடுறது, தாண்டுறதெல்லாம் இனிமே மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

மாவட்டத்தில் நீளம் தாண்டி மெடல் வாங்கியவள் நான். அதைக் காட்டித்தான் இந்த வேலையே கிடைத்தது. மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது?

18 அக்டோபர், வெள்ளி

ரெக்ஸ் வந்தான். அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"எப்டிப்பா ஆச்சி?"

"பிரேக் புடிக்கல சார்."

"ஏறதுக்கு முன்னாடி பாத்தியா?"

ரெக்ஸ் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "சரியா பாக்கல சார். என் தப்புதான்."

அப்பா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முப்பது வருஷம் பஸ்சு ஓட்னேன் தம்பி. ஒரு நாளு கூட பிரேக்க மிதிச்சிப் பாக்காம டிப்போவ வுட்டு எடுத்ததில்ல. பின்னாடி ஒக்காந்துக்கினு கீறவங்க நம்மள நம்பித்தான் ஒக்காந்துக்கினு கீறாங்க. நீ என் பொண்ண மலையில எறக்கி வுட்டிருக்க, பிரேக் கூட பாக்காம. உன்ன நம்பி நான் எப்டி குடுப்பேன்? ஞாயித்துக்கெழம வர வாணாம்ப்பா."

சந்தனத்தைப் பற்றி ரெக்ஸ் வாயைத் திறக்கவில்லை. நான் பேச வாயெடுத்தேன். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான், வேண்டாம் என்று.

27 அக்டோபர், ஞாயிறு

அப்பா டிபன் வாங்கக் கீழே போன நேரம் பார்த்து ரெக்ஸ் வந்தான். படிக்கட்டில் நின்று காத்திருந்திருக்கிறான், திருடன் மாதிரி.

சைக்கிளைக் கழற்றிப் பார்த்தானாம். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பிரேக் கட்டைய மோந்து பாத்தேன் மணி. தேங்காயெண்ண வாசன. சந்தனம் இல்ல, அது மேல ஒரு சொட்டுதான். அதுக்கு அடியில தட்டு பூரா எண்ண தடவியிருக்காரு. ரெண்டு சக்கரத்துலயும்."

எண்ணெய் பட்ட தட்டைக் கட்டை எவ்வளவு கவ்வினாலும் வழுக்கத்தான் செய்யும். அன்றைக்கு அந்தத் துணியை எடுத்து ஒரு இழு இழுத்திருந்தால் எண்ணெய் கையில் தெரிந்திருக்கும். அவன் துடைக்கவில்லை. நானும் துடைக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னான். ரிம்மில் எண்ணெயே இல்லையாம், ஒரு சொட்டுகூட. அப்பாவுக்குத் தெரிந்த சைக்கிளில் ரப்பர் கட்டை ரிம்மைத்தான் பிடிக்கும். அதனால் அங்கே எண்ணெய் படாமல் பார்த்துப் பார்த்துத் துடைத்திருக்கிறார். பிரேக்குக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். நடுவில் இருக்கிற தட்டு அவருக்கு ஒரு அலங்காரம், அவ்வளவுதான்.

"அவருகிட்ட சொல்லாத. தாங்க மாட்டாரு" என்றான் ரெக்ஸ்.

"அப்போ நீ?"

"கோவம்தான. ரெண்டு மாசத்துல ஆறிடும்."

ஆறுமா? அப்பாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே குறைவு. வந்தது ஆறியும் பார்த்ததில்லை.

31 அக்டோபர், தீபாவளி

வீட்டுக்கு வந்துவிட்டேன். தெருவெல்லாம் வெடி. இங்கே ஒன்றும் இல்லை.

10 நவம்பர், ஞாயிறு

பாத்ரூமுக்குப் போக அப்பாதான் தூக்கிக்கொண்டு போகிறார். அம்மாவுக்கு இடுப்பு ஒத்துழைக்காது. கதவு வரை தூக்கிப் போய் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். இருபத்தெட்டு வயசுப் பெண்ணுக்கு இது எவ்வளவு கூச்சம்! அவருக்கும் அப்படித்தான் இருக்கும். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை.

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். எதற்கு ரெக்ஸ் பழி சுமக்க வேண்டும்? மாத்திரை கொடுக்க வந்தவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் பேசினார்.

"அன்னிக்கி பூஜைல நான்தான் எங்கியோ கொற வெச்சிட்டேன் போல கீதும்மா. மனசுல உன்மேல வருத்தத்த வெச்சிக்கினே பண்ணேன். வண்டிக்குப் பண்ணும்போது மனசு சுத்தமா இருக்கணும். அதான் சாமி கணக்கு தீத்துக்குச்சி."

மாத்திரையை விழுங்கினேன். சொல்ல வந்ததையும் சேர்த்துத்தான். இல்லாத குறைக்கே இப்படிக் கரைகிறவரிடம், இருக்கிற குறையை எப்படிச் சொல்ல?

26 டிசம்பர், வியாழன்

ரெக்ஸின் அம்மா செபஸ்தியம்மாள் சங்கராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். கையில் கேக்கும் முறுக்கும். அம்மா நாற்காலி போட்டுக் காபி கொடுத்தாள். அப்பா பின்பக்கம் போய் வேன் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார், அவர்கள் போகிற வரைக்கும்.

போகும்போது என் கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொடுத்தார்கள். "அவனுக்கு முப்பத்திரண்டு முடியப் போவுது பாப்பா. அவுங்க சித்தப்பனுங்கல்லாம் எடம் பாத்துக்கினு கீறாங்க. நீ ஒரு வார்த்த சொன்னீன்னா நான் எல்லாரையும் தடுத்து வெக்கறேன்."

அந்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. கேக்கை அப்பா தொடவில்லை.

20 ஜனவரி 2025, திங்கள்

பள்ளிக்கூடம் போனேன், கைத்தடியோடு. மைதானம் இனிமேல் எனக்கில்லை. தலைமையாசிரியர் தன்மையாகச் சொல்லி லைப்ரரியில் உட்கார வைத்தார். பழைய விசிலை எடுத்துப் புது பி.டி. மாஸ்டரிடம் கொடுத்தேன். வாங்கித் துணியால் துடைத்துவிட்டு ஊதிப் பார்த்தார். என் முன்னாலேயே.

ரெக்ஸ் சைக்கிளைச் சரிசெய்து, புதுக் கட்டை போட்டு, நாங்கள் யாரும் இல்லாத நேரத்தில் வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அப்பா அதைப் பின்பக்கம் கொண்டுபோய்த் தார்ப்பாய் போட்டு மூடினார்.

9 பிப்ரவரி, ஞாயிறு

லைப்ரரி கணக்கெடுப்பு என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போய் ரெக்ஸைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடை. இளைத்திருந்தான். ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"வந்துடு மணி. ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்."

"அப்பாதான் இன்னும் நான் குளிக்க வென்னீர் தூக்குறாரு ரெக்ஸ். அந்தக் கையத் தட்டி வுட்டுட்டு எப்படி வர?"

"அப்ப நான் போயி சொல்லட்டுமா? இதுதான் நடந்துச்சின்னு. மொறையா, பணிவா சொல்றேன். ஒரு வாரம் அழுவாரு, அப்பறம் ஏத்துக்குவாரு."

நியாயம்தானே கேட்கிறான்? தான் செய்யாத தப்பை நாலு மாதமாகத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறான். இறக்கி வைக்கட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்கிறான். நான் அப்பாவை நினைத்தேன். சுவரைப் பார்த்து நிற்கிற முதுகு. தன் கையால் என் காலை முறித்தோம் என்று அவருக்குத் தெரிந்தால்? வேன் சாவியைத் தொடுவாரா? சோறு இறங்குமா? அழுகிற ஆள் இல்லை அவர். அழுதால் பரவாயில்லை, அழாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு செத்துப்போவார்.

"வாணாம்" என்றேன்.

ரெக்ஸ் ஜூஸை முழுக்கக் குடித்து முடித்தான். "சரி" என்றான். என் கைத்தடியை எடுத்துக் கையில் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் நகரும் வரை நின்றான். பாதி வடை தின்கிறவன் இன்றைக்கு என் கிளாஸைத் தொடவே இல்லை.

என்ன செய்துவிட்டேன் நான்? அய்யோ, என்னடி பண்ணிட்ட!

10 பிப்ரவரி, திங்கள்

ஒன்றும் எழுத இல்லை.

20 ஏப்ரல், ஈஸ்டர்

ரெக்ஸுக்கு நிச்சயமாகியிருக்கிறது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் பெண். பேர் எழில்மதி. அவன்தான் போன் செய்து சொன்னான், அடுத்தவர் வாயால் தெரிய வேண்டாம் என்று. "நீ சந்தோஷமா இரு" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன், குரல் உடையவில்லை. வைத்த பிறகு அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதோ தெரிந்திருக்கிறது அவளுக்கு.

9 ஜூன், திங்கள்

இன்று ரெக்ஸுக்குக் கல்யாணம். லைப்ரரிக்குப் புதுப் புத்தகங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் முத்திரை குத்தினேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

கொடியேற்றம் முடிந்து விளையாட்டுப் போட்டி. நீளம் தாண்டும் இடத்தில் மணல் கொட்டியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பலகைக்கு முன்னாலேயே எம்பிவிடுகிறாள். "இன்னும் ரெண்டடி ஓடி வா" என்று கத்த வாயெடுத்துவிட்டேன். புது மாஸ்டர் இருக்கிறார். பேசாமல் சேரில் உட்கார்ந்திருந்தேன். தரையில் உட்கார முடிவதில்லை, கால் மடங்காது.

21 செப்டம்பர், ஞாயிறு

டாக்டரிடம் போனோம். முட்டி இன்னும் கொஞ்சம் மடங்க வேண்டும், சமதரையில் மெதுவாக சைக்கிள் மிதித்தால் நல்லது என்றார். அப்பா கூட நின்று கேட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது வேனை ஒவ்வொரு வேகத்தடையிலும் நிறுத்தி, தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஏற்றி இறக்கினார்.

1 அக்டோபர், புதன். ஆயுத பூஜை

காலையிலிருந்து நான் எழுந்திருக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்திருந்தேன். அம்மா பொரி வாங்கப் போயிருந்தாள்.

வாசலில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வேன்தானே என்று இருந்தேன். பிறகு தேங்காயெண்ணெய் வாசனை உள்ளே வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தார்ப்பாய் ஒரு மூலையில் கிடக்கிறது. சைக்கிளைக் கழுவித் தலைகீழாக நிறுத்தியிருக்கிறார். "டாக்டரு சொன்னாரில்ல, நாளைலேந்து நம்ம தெருவுலயே ஓட்டும்மா. நான் கூடவே நடந்து வரேன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். சொல்லிக்கொண்டே எண்ணெய்த் துணியால் முன் சக்கரத்துத் தட்டை வட்டமாக, ஆசையாகத் துடைத்தார். அடுத்து பின் தட்டுக்குத் துணியைக் கொண்டுபோனார்.

"அப்பா, அங்க வாணாம்!"

கத்தியது நான்தான். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த விசில் மாதிரி வந்துவிட்டது.

துணி அப்படியே நின்றது. "ஏம்மா?"

சொல்ல ஏதாவது பொய் தேடினேன், அகப்படவில்லை. அவர் தட்டைப் பார்த்தார். பக்கத்தில் குனிந்து, அதைக் கவ்விக்கொண்டிருக்கிற கட்டைகளைப் பார்த்தார். லிவரை அழுத்தினார். கட்டைகள் போய்த் தட்டைப் பிடித்தன. விட்டார். மறுபடி அழுத்தினார். இன்ஜின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்கிற மனிதர். இன்னும் எவ்வளவு நேரம் வேண்டும் அவருக்கு?

தன் கையில் இருந்த துணியைப் பார்த்தார்.

"போன வருஷமும் நான்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

நான் தடியை ஊன்றி வெளியே போவதற்குள் படியில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்க் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார எனக்குக் கால் மடங்கவில்லை. நின்றுகொண்டே அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, உங்களுக்குத் தெரியாதுப்பா. நீங்க ரிம்ம எவ்ளோ ஜாக்கிரதையா துடைச்சிருந்தீங்க தெரியுமா?"

அவர் அதைக் கேட்ட மாதிரியே இல்லை. "அந்தப் பையனுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"அன்னிக்கி ஆஸ்பத்திரில நான் கேக்கும்போதே தெரியுமா?"

"அப்போ தெரியாது. பின்னாடி கழட்டிப் பாத்தான். உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு சொன்னான். அப்புறம் ஒரு தரம் சொல்லட்டுமான்னு கேட்டான். நான்தான் வாணாம்னேன்."

"நம்பி எப்டி குடுக்கறதுன்னு கேட்டனேம்மா அவன" என்றார் அப்பா. "அவனப் போயி கேட்டனே."

இந்த வருஷம் எங்கள் வீட்டில் கற்பூரம் அம்மாதான் காட்டினாள்.

2 அக்டோபர், வியாழன்

காலையில் அப்பாவைக் காணவில்லை. வேன் வாசலில் நிற்கிறது. பஸ்ஸில் போயிருக்கிறார். அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது, எனக்கும்தான். தெருமுனை வரை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் வந்தார். சட்டை வியர்த்து நனைந்திருந்தது. கையில் ஒரு சின்னப் பொட்டலம். நேராகப் போய்ச் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, முன் சக்கரத்தைக் கழற்றி உட்கார்ந்தார். பொட்டலத்தில் புதுப் பிரேக் கட்டைகள். தட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காய வைத்து, செய்தித்தாளை மடித்து அதன் மேலாகத்தான் பிடித்தார்.

"தட்டுல கை படக் கூடாதாம். சொல்லி அனுப்சான்" என்றார்.

அப்போதுதான் புரிந்தது, சங்கராபுரம் போய் வந்திருக்கிறார். லீவுக்கு ரெக்ஸ் ஓசூரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறான் போல. என்ன பேசினீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு கட்டைகளையும் பூட்டி, சக்கரத்தை மாட்டிச் சுழற்றிவிட்டார்.

"புடிச்சிப் பாரும்மா."

பிடித்தேன். சக்கரம் உடனே நின்றது.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். எழுந்து போகும்போது, என்னைப் பார்க்காமல், பழைய மாதிரி சமையல்கட்டுப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "அவன் கட்டிக்கின பொண்ணுதான் காப்பி போட்டுக் குடுத்துச்சி. நல்ல பொண்ணும்மா."

"சரிப்பா" என்றேன்.

கை கழுவப் போனார். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.